குப்பைக் குழியும் குழந்தைப் புத்தகமும்

தமிழில் 'குப்பை' என்னும் சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. நகரத்து வீட்டில் ஒரு பொருளைச் சுட்டி 'இது குப்பை' என்றால், அது வேண்டாதது, எறியத்தக்கது என்று பொருள். உழவர் வீட்டிலோ, 'வயலுக்குக் குப்பை அடித்தாயிற்றா?' என்று கேட்டால், அங்கே அச்சொல் எருவையே குறிக்கும். தொழுவத்துச் சாணமும், அடுப்புச் சாம்பலும், மாடு தின்று கழித்த வைக்கோலும், வாசலில் கூட்டி அள்ளிய சருகும் கொல்லைக் குழியிலே மாதக்கணக்கில் கிடந்து மட்கி, உழவு தொடங்குமுன் வண்டியேறி வயலுக்குச் செல்லும். அந்தக் குப்பை குடும்பத்தின் செல்வங்களுள் ஒன்று. உழுதலைக் காட்டிலும் எருவிடுதலை உயர்த்திப் பேசிய வள்ளுவரும் இச்செல்வத்தின் மதிப்பை அறிந்தவரே.

ஒரே சொல் ஓரிடத்தில் செல்வத்தையும் மற்றோரிடத்தில் இழிவையும் குறிக்கின்றது. இன்று நகரங்களில் வளரும் நம் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டாவது பொருளை மட்டுமே அறிவார்கள். அவர்களுக்கு முதற்பொருளை எவ்வாறு உணர்த்துவது? குழியைக் காட்டிக் கற்பிப்பதா, படப் புத்தகத்தைக் காட்டிக் கற்பிப்பதா? நூறாண்டுகளுக்கும் மேலாக நம் நாட்டில் இக்கேள்வியோடு போராடியவர்களின் வரலாற்றை நேயர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். மட்கிய எருவைப் பற்றிய பாடம் நம் நாட்டில் வெறும் தோட்டக்கலைப் பாடமாக ஒருநாளும் இருந்ததில்லை. குப்பையைத் தொடும் கை யாருடைய கை என்னும் கேள்வி அதன் உள்ளே எப்போதும் இருந்துவந்தது. இதை மறந்தால் இவ்வரலாறு விளங்காது.

கைக்குழந்தைக்கு அருவருப்பு என்பது கிடையாது. மண்ணை அள்ளி வாயில் இடும். புழுவைக் கண்டால் பிடிக்கப் போகும். 'சீ, தொடாதே' என்னும் பெரியோரின் குரலைக் கேட்டுக் கேட்டே அது அருவருப்பைக் கற்றுக்கொள்ளுகிறது. நோயினின்றும் காக்க அந்தக் குரல் ஓரளவு வேண்டியதுதான். ஆனால் நம் சமுதாயத்தில் அந்தக் குரல் அங்கே நிற்பதில்லை. 'சீ, தொடாதே' என்பது குப்பையிலிருந்து நகர்ந்து, குப்பையை அள்ளும் மனிதன்மீதும் படிகின்றது. அழுக்கைக் கண்டு முகம் சுளிக்கக் கற்ற அதே வயதில், அழுக்கை அகற்றுவோரைக் கண்டு முகம் சுளிக்கவும் குழந்தை கற்றுவிடுகிறது. ஆகவே இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட முயன்ற கல்வியாளர் சிலர், குப்பைக் குழியையே பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தனர்.

அம்முயற்சியின் முற்பகுதி நம் நாட்டுக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவில் நடைபெற்றது. 1910-ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகே, நண்பர் கால்லென்பாக் அளித்த நிலத்தில் காந்தியடிகள் 'டால்ஸ்டாய் பண்ணை'யை அமைத்தார். சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்ட குடும்பங்கள் அங்கே வந்து தங்கின. அவற்றுள் தமிழ்க் குடும்பங்கள் பல. பண்ணைக் குழந்தைகளுக்குக் காந்தியடிகளே ஆசிரியராக இருந்தார்; தமக்குத் தெரிந்த அளவு தமிழும் கற்பித்தார். அங்கே வேலைக்காரர் எவரும் இல்லை. சமையல் முதல் கழிப்பிடத் துப்புரவு வரை எல்லாப் பணிகளையும் பண்ணைவாசிகளே செய்தனர். குழந்தைகள் குழி தோண்டினர், மரம் வெட்டினர், சுமை தூக்கினர். கழிவுகளையெல்லாம் மண்ணில் புதைத்து எருவாக்கினர். புதைத்த கழிவில் ஈ மொய்ப்பதில்லை, நாற்றம் எழுவதில்லை, நிலமும் வளம் பெறுகின்றது என்பதை அக்குழந்தைகள் புத்தகத்தில் படிக்கவில்லை, கண்ணால் கண்டனர். இப்பாடத்தை முதலிற் பெற்றவர்களுள் தமிழ்க் குழந்தைகளும் இருந்தார்கள் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

அடுத்த கட்டம் வங்காளத்தில் தொடங்கிற்று. சாந்திநிகேதனத்துக்கு அருகே சுருல் என்னும் சிற்றூரில் கவிஞர் தாகூர் 1922-ஆம் ஆண்டு ஒரு கிராமப் புனரமைப்பு நிலையத்தைத் தொடங்கினார். ஸ்ரீநிகேதனம் எனப் பின்னர்ப் புகழ்பெற்றது அதுவே. அதன் முதல் இயக்குநராக வந்தவர் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கில இளைஞர், வேளாண்மை பயின்றவர். அதே ஆண்டு கல்கத்தாவில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவின் பொருள், 'மண்ணைக் கொள்ளையிடுதல்' என்பது. கிராமம் நகரத்துக்கு உணவை அனுப்புகிறது. அவ்வுணவிலுள்ள சத்து எருவாகத் திரும்பி வருவதில்லை. இவ்வாறு ஆண்டுதோறும் மண் கொள்ளை போகிறது என்பது அதன் சாரம். நிலம், பயிர், உணவு, கழிவு, மீண்டும் நிலம் என்னும் வட்டம் எங்கே அறுந்தது என்று அவர் தேடினார். சுருலில் கழிவைக் குழியிலிட்டு எருவாக்கும் வேலையை அவரும் மாணவர்களும் தாமே மேற்கொண்டனர். உயர்சாதிக் குடும்பங்களிலிருந்து வந்த இளைஞருக்கு அது எளிய பாடமாக இருந்திராது.

1924-ஆம் ஆண்டு தாகூர் 'சிக்ஷாசத்திரம்' என்னும் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். வறிய கிராமச் சிறுவர்களுக்கான பள்ளி அது. தோட்டமும் சமையலும் துப்புரவும் கைத்தொழிலும் அங்கே பாடத்துக்குப் புறம்பானவையாக இல்லை; அவற்றின் வழியாகவே பாடம் பிறந்தது.

இவ்வாறு குப்பையைத் தொடும் துணிவு பள்ளிக்குள் வந்தது. ஆனால் அதை நல்ல எருவாக்கும் முறை இன்னும் திட்டப்படுத்தப்படவில்லை. கண்டபடி குவித்த குப்பை சில இடங்களில் நன்றாக மட்கும். சில இடங்களில் அழுகி நாறும். இதற்குக் காரணம் கண்டு முறை வகுத்தவர் ஆல்பர்ட் ஹோவர்டு. 1905-ஆம் ஆண்டு தாவரவியல் அறிஞராக நம் நாட்டுக்கு வந்து, பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பத்தொன்பது ஆண்டுகள் பணிபுரிந்தவர் அவர். இந்திய உழவர்களைத் தம் ஆசிரியர்களாகவே கருதியதாக அவர் எழுதியுள்ளார். அவருடைய மனைவி காபிரியேல் அம்மையாரும் தேர்ந்த தாவரவியல் அறிஞர். 1924-ஆம் ஆண்டு முதல் 1931-ஆம் ஆண்டு வரை இந்தூரில் 'பயிர்த்தொழில் ஆராய்ச்சி நிலையம்' ஹோவர்டின் தலைமையில் இயங்கிற்று. அங்கே உருவானதுதான் 'இந்தூர் முறை'.

அம்முறை சமையற்குறிப்பைப் போல் எளியது. 30 அடி நீளமும், 14 அடி அகலமும், 2 முதல் 3 அடி ஆழமும் கொண்ட குழியில் சருகு, தட்டை, களை, வைக்கோல் முதலியவற்றை ஒரு படுகையாகப் பரப்பவேண்டும். அதன்மேல் சாணக் கரைசல், மாட்டு மூத்திரம் ஊறிய தொழுவ மண், மரச் சாம்பல் ஆகியவற்றைத் தெளிக்கவேண்டும். பிறகு மறுபடியும் சருகு. தாவரக் கழிவு மூன்று பங்கு, விலங்குக் கழிவு ஒரு பங்கு என்பது ஏறத்தாழ அதன் அளவு. ஈரம் காயவிடலாகாது, நீர் தேங்கவும் விடலாகாது. காற்றுப் புகும்படி மூன்று முறை புரட்டிவிடவேண்டும். ஏறத்தாழ 90 நாட்களில், கையில் எடுத்தால் உதிர்கின்ற, மழை பெய்த மண்ணின் மணம் வீசுகின்ற, கறுத்த எரு கிடைக்கும்.

இதில் வேலை செய்வோர் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு உடல் வளரத் தழைச்சத்தும், உழைக்கக் கரிமச் சத்தும், மூச்சுக்குக் காற்றும், குடிக்க நீரும் வேண்டும். முப்பது பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருந்தால் அவை மும்முரமாக உழைக்கும். அவ்வுழைப்பின் வெப்பத்தால் பெரிய குவியலின் உட்புறம் 55, 60 பாகை செல்சியஸ் வரை சூடேறும். நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அச்சூட்டில் மடியும். காற்று இல்லாவிடில் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகும், நாற்றம் எழும். ஆகவே நாற்றம் என்பது குப்பையின் இயல்பன்று. நாம் செய்த பிழையின் அறிகுறி. ஹோவர்டும், அவருடன் உழைத்த இந்திய வேதியியல் அறிஞர் யஷ்வந்த் வாடும் சேர்ந்து 1931-ஆம் ஆண்டு இம்முறையை நூலாக வெளியிட்டனர். ஹோவர்டு 1940-ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றொரு நூல், இயற்கை உரத்தைப் போற்றும் இயக்கத்துக்கு உலகெங்கும் வழிகாட்டியாயிற்று.

கையின் துணிவும் அறிவின் முறையும் சேர்ந்த இடம் வார்தா. காந்தியடிகளின் 'ஹரிஜன்' இதழ் 1935-ஆம் ஆண்டிலேயே இந்தூர் முறையைக் கிராமத் தொண்டர்களுக்கு எடுத்துரைத்தது. வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்தியவர் தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா. கழிவு என்பது இடம் மாறிக் கிடக்கும் செல்வம் என்னும் கருத்தைப் பொருளாதார நோக்கில் விளக்கியவர் அவர். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 22, 23 ஆகிய நாட்களில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வித் திட்டம் பிறந்தது. ஜாகிர் ஹுசேன் தலைமையிலான குழு பாடத்திட்டத்தை வகுத்தது. அதை நடத்துவதற்கென 1938-ஆம் ஆண்டு இந்துஸ்தானி தாலீமி சங்கம் நிறுவப்பட்டது. அதன் செயலாளராகப் பொறுப்பேற்றவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம். அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் சாந்திநிகேதனத்தில் தாகூரின் அருகிருந்து பணியாற்றியவர். அவருடைய மனைவி ஆஷாதேவியும் அங்கிருந்து வந்தவரே. எனவே சுருலில் விதைத்தது சேவாகிராமத்தில் வேரூன்றியது தற்செயலாக நேர்ந்ததன்று.

சேவாகிராமப் பள்ளியில் துப்புரவு ஒரு பாடம். ஆசிரியரும் மாணவரும் முறைவைத்துக் கழிப்பிடத்தைத் தூய்மை செய்வர். கழிவைக் குழியிலிட்டு இலை, மண் கொண்டு மூடுவர். மட்கிய எருவைக் காய்கறித் தோட்டத்துக்கு எடுத்துச் செல்வர். இவ்வேலையிலிருந்தே பிற பாடங்கள் கிளைக்கும். குழியின் நீளம், அகலம், ஆழம் கணக்குப் பாடமாகும். சூடு ஏன் எழுகிறது என்பது அறிவியற் பாடமாகும். இவ்வேலையை இதுவரை யார் செய்தார்கள், ஏன் அவர்கள் மட்டும் செய்தார்கள் என்பது சமூகப் பாடமாகும். இந்த மூன்றாவது பாடமே மிகவும் கடினமானது.

இவ்விடத்தில் டாக்டர் அம்பேத்கரின் கண்டனத்தையும் நேர்மையோடு நினைவுகூர வேண்டும். துப்புரவுத் தொழிலைப் புனிதமானது என்று போற்றிப் பேசுவதை அவர் 1945-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் கடுமையாகத் தாக்கினார். தலைமுறை தலைமுறையாக ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட தொழிலை, அச்சாதியாருக்கே உயர்வு என்று உபதேசிப்பது கொடுமை என்பது அவர் வாதம். அவ்வாதம் எருக்குழிப் பாடத்துக்கு ஓர் உரைகல்லாக அமைந்தது. வகுப்பிலுள்ள எல்லாக் குழந்தைகளும் முறைவைத்துக் குப்பையைத் தொட்டால் அது கல்வி. குறிப்பிட்ட சில குழந்தைகளை மட்டும் அழைத்துத் துடைப்பத்தைக் கையில் கொடுத்தால் அது பழைய கொடுமையின் புதிய வடிவம். பின்னாளில் நாட்டின் பல பகுதிகளில் பள்ளித் துப்புரவு ஒடுக்கப்பட்ட குடும்பத்துக் குழந்தைகள்மீதே சுமத்தப்பட்டதாக எழுந்த முறையீடுகள், அவர் கொண்ட ஐயம் வீண் அன்று என்பதைக் காட்டின.

நாடு விடுதலை பெற்ற ஆண்டிலேயே, 1947 டிசம்பரில், மீராபென் அம்மையாரின் முயற்சியால் புது தில்லியில் அகில இந்திய கம்போஸ்டு மாநாடு கூடிற்று. உணவுப் பஞ்சம் வாட்டிய காலம் அது. நகரக் கழிவுகள் அனைத்தையும் எருவாக்கினால் விளைச்சல் பெருகும் என்ற நம்பிக்கை நிலவிற்று. பெங்களூரில் ஆச்சார்யா என்னும் அறிஞர் 1939-ஆம் ஆண்டு வகுத்த முறையைப் பின்பற்றிப் பல நகராட்சிகள் குப்பையையும் மலத்தையும் படுகை படுகையாகக் குழியிலிட்டு எரு தயாரித்தன. ஆனால் பள்ளிகளில் ஆதாரக் கல்வி நீடிக்கவில்லை. வசதியுள்ள பெற்றோர் தம் குழந்தைகளை ஏட்டுக்கல்விப் பள்ளிகளுக்கே அனுப்பினர். கைவேலைப் பள்ளி ஏழைகளுக்குரியது என்னும் எண்ணம் பரவிற்று. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் குழு அதனைத் 'தொழில் அனுபவம்' என்றும், 1977-ஆம் ஆண்டு அமைந்த மற்றொரு குழு 'சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி' என்றும் புதுப் பெயரிட்டன. காலப்போக்கில் பல பள்ளிகளில் அது வாரத்தில் ஓரிரு மணிநேரமாகச் சுருங்கிற்று. எருக்குழி பள்ளி வளாகத்தை விட்டு வெளியேறிற்று. 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழற் கல்வியைக் கட்டாயமாக்கும்படி பணித்தபோது, அது பெரும்பாலும் மற்றொரு பாடநூலாகவே வகுப்பறைக்குள் நுழைந்தது.

குழி போன இடத்தில் வந்து நின்றது படம். படத்தைக் கொண்டு குழந்தைக்குக் கற்பிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுநாளையது. 1658-ஆம் ஆண்டு நூரெம்பர்க் நகரில், மொராவிய நாட்டுக் கல்வியாளர் கொமீனியஸ், உலகத்தையே படங்களாகக் காட்டும் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். 150 சிறு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரச்செதுக்குப் படம். படத்திலுள்ள பொருள்களுக்கு எண்ணிட்டு, அதே எண்ணைச் சொல்லுக்கும் இட்டிருந்தார். புலனில் படாதது அறிவிலும் படியாது என்பது அவர் கொள்கை. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டு தேசியப் புத்தக டிரஸ்டும், கேலிச்சித்திர ஓவியர் சங்கர் நிறுவிய குழந்தைகள் புத்தக டிரஸ்டும் தோன்றிய பிறகு, மலிவான வண்ணப் படப் புத்தகங்கள் பல மொழிகளில் வரலாயின. 2004-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம் புத்தக நிறுவனம், 2015-ஆம் ஆண்டு முதல் குழந்தைக் கதைகளை இந்திய மொழிகள் பலவற்றில் இணையத்தின் வழியாக இலவசமாகவே அளிக்க முற்பட்டது.

மட்கும் குப்பையைப் பற்றிப் பேசப் படப் புத்தகத்துக்குத் தனித் தகுதி ஒன்று உண்டு. குழந்தையின் பொறுமைக்கு எல்லை சிறிது. குழியில் இட்ட வாழைத்தோல் எருவாக மூன்று மாதம் செல்லும். நான்கு வயதுக் குழந்தைக்கு மூன்று மாதம் என்பது ஒரு யுகம். புத்தகமோ அந்த யுகத்தைப் பத்துப் பக்கங்களில் அடக்கிவிடுகின்றது. அமெரிக்காவில் வில் ஹப்பெல் என்பவர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட 'பம்ப்கின் ஜாக்' இதற்கு நல்ல சான்று. விழாவுக்காகச் செதுக்கிய பூசணிக்காயை ஒரு சிறுவன் எறிந்துவிட மனமின்றித் தோட்டத்தில் வைக்கிறான். பக்கத்துக்குப் பக்கம் அது சுருங்குகிறது, பூசணம் பூக்கிறது, பனியில் மறைகிறது, வசந்தத்தில் ஒரு முளையாக எழுகிறது. அழுகல் என்பது முடிவன்று, நடுவழி என்பதைக் குழந்தை பக்கத்தைப் புரட்டும் விரலாலேயே உணர்ந்துவிடுகிறது. 2010-ஆம் ஆண்டு வெளியான 'கம்போஸ்ட் ஸ்டூ' என்னும் மற்றொரு புத்தகம் எருவுக்கு ஆகும் பொருள்களை ஆங்கில அகரவரிசையில் தொகுத்துப் பாட்டாகச் சொல்லும். எது மட்கும், எது மட்காது என்று பிரித்தறிய அது குழந்தைக்குத் துணை செய்கிறது. மேலும், மண்ணுக்கடியில் மண்புழு செய்யும் வேலையை வெட்டுமுகமாகக் காட்டவும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரைப் பெரிதாக்கிக் காட்டவும் படத்தால் இயலும். குழியின் அருகில் நிற்கும் கண்ணுக்கு இவை புலப்படமாட்டா.

ஆனால் படத்துக்கு மணம் இல்லை, சூடு இல்லை, ஈரம் இல்லை. படத்திலுள்ள புழுவைக் கண்டு சிரிக்கும் குழந்தை, தொட்டியிலுள்ள புழுவைக் கண்டு அலறி ஓடலாம். அருவருப்பு கையிலிருந்து நீங்கவேண்டுமானால் கைதான் பழகவேண்டும். இதனினும் பெரிய குறை ஒன்றும் உண்டு. இத்தகைய படப் புத்தகங்கள் பலவற்றில் அழகிய வீடும், பசுந்தோட்டமும், சிரிக்கும் குழந்தையும், சிவந்த மண்புழுவும் இருக்கும். விடியற்காலையில் தெருவில் வண்டி தள்ளிவரும் மனிதர் இருக்கமாட்டார். எறிந்த குப்பை தானே நடந்து சென்று எருவானது போலக் கதை முடிந்துவிடும். மேல்நாட்டுக் குழந்தைக்கு அக்கதை போதுமாயினும் போதலாம். நம் குழந்தைக்கு அது பாதிக் கதையே.

அந்த மறுபாதியைக் காட்டத் துணிந்த நூல்களும் நம்மிடையே தோன்றாமல் இல்லை. சென்னைத் தாரா பதிப்பகத்துக்காகக் கீதா உல்ஃப், அனுஷ்கா ரவிசங்கர் ஆகிய இருவரும் எழுத, ஓரிஜித் சென் படம் வரைந்த 'ட்ராஷ்' என்னும் நூலைக் குறிப்பிடலாம். வீட்டைவிட்டு ஓடிச் சென்னை இரயில் நிலையத்தில் வந்திறங்கும் வேலு என்னும் சிறுவன், குப்பை பொறுக்கி வாழும் ஜெயா என்னும் சிறுமியைச் சந்திக்கும் கதை அது. எருவைப் பற்றிய நூல் அன்று அது. நகரம் எறிந்ததை எந்தக் கைகள் பிரிக்கின்றன என்பதைப் பற்றிய நூல். அதன் ஒரு பகுதி எட்டாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாட நூலிலும் இடம்பெற்றது. எருவின் கதையைச் சொல்லும் படப் புத்தகங்கள் இத்தகைய நூலிடமிருந்து ஒரு பக்கத்தையாவது கற்றுக்கொள்ளலாம்.

சட்டம் தன் அளவில் முன்னேறியே வந்துள்ளது. 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளச் செய்வதை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும், அதனினும் விரிவாக 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்தன. 2016-ஆம் ஆண்டு வெளியான திடக்கழிவு விதிகள், மட்கும் குப்பையையும் மட்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்துத் தரவேண்டும் என்று பணித்தன. நம் நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி மட்கக்கூடியது. அதைப் பிரிக்காமல் ஒன்றாய்க் கலந்து எறியும்போது, நாம் இரண்டு நொடியில் செய்திருக்கக்கூடிய வேலையை, மற்றொருவர் அழுகலினிடையே கைவிட்டுத் துழாவிச் செய்யும்படி ஆகின்றது. சட்டம் எழுதுவது எளிது. இரண்டு நொடிப் பழக்கத்தை உண்டாக்குவது கடினம். அப்பழக்கம் ஐந்து வயதில் வந்தால்தான் ஐம்பதிலும் நிற்கும்.

ஆகவே குழியா, புத்தகமா என்னும் வழக்கு வேண்டியதில்லை. இரண்டும் ஒரு பாடத்தின் இரண்டு கைகள். வீட்டிலோ பள்ளியிலோ ஒரு பழைய மண்பானையைத் தேர்ந்து, பக்கங்களில் சிறு துளையிட்டுக்கொள்ளுங்கள். அடியில் உலர்ந்த சருகு, அதன்மேல் காய்கறித் தோல், மறுபடியும் சருகு. பிழிந்த துணியின் அளவு ஈரம் போதும். வாரம் இரண்டு முறை குழந்தையே ஒரு குச்சியால் கிளறட்டும். நாற்றம் எழுந்தால் சருகைக் கூட்டச் சொல்லுங்கள். பிழையைத் திருத்தும் மகிழ்ச்சியை அது அறியட்டும். சிறு பானை இந்தூர்க் குழியைப் போல் சூடேறாது; ஆகவே எலும்பும் இறைச்சியும் மனிதக் கழிவும் இதில் இடத்தக்கவை அல்ல. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவுவதும் பாடத்தின் பகுதியே. தூய்மை வேறு, அருவருப்பு வேறு என்பதைக் குழந்தை அங்கேதான் கற்கும். பானை மட்கிவரும் அந்த மூன்று மாதமும் இரவில் படப் புத்தகம் பக்கத்தில் இருக்கட்டும். இன்று எந்தப் பக்கத்தில் நம் பானை இருக்கிறது என்று குழந்தையைக் கேளுங்கள். அது பானையைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டும். அந்த ஒரு கேள்வியில் கொமீனியஸும் சேவாகிராமமும் கைகோத்துக்கொள்ளும்.

வீட்டு வாசலில் குப்பை வாங்க வருபவர் வரும்போது, பிரித்த வாளியை அக்குழந்தையின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். தெருவில் உள்ள மற்ற பெரியோரை அழைப்பதுபோல், 'அண்ணா' என்றோ 'அக்கா' என்றோ அவரை அது அழைக்கட்டும். வேலாலும் வாளாலும் அன்றி, ஒரு சொல்லாலும் ஒரு பானையாலும் செய்யத்தக்க சீர்திருத்தங்களும் உலகில் உண்டு.

'குப்பை' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்று தொடக்கத்தில் கூறினேன். மூன்று மாதம் கழித்து, உதிரும் கறுத்த எருவைத் தன் கையால் அள்ளி ஒரு கத்தரிச் செடிக்கு இடும் குழந்தையிடம், 'இது என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். 'குப்பை' என்றுதான் அது சொல்லும். அச்சொல்லை அது எந்தப் பொருளில் சொல்கிறது என்பதை அதன் முகமே உங்களுக்குத் தெரிவிக்கும்.